முத்தாரம்மனுக்கு வந்த மோட்டார் சைக்கிள்

கரமனை ஆற்றங்கரைத் தெருவில் இருக்கும் முத்தாரம்மனுக்கு அதுவரை யாரும் மோட்டார் சைக்கிள் கொடுத்ததில்லை. சேலை வரும். வெள்ளியில் கண்மலர் வரும். கொடைத் திருவிழா சமயத்தில் சேவல் வரும். துபாயிலிருந்து திரும்பிய ஒருவர் மிக்ஸி கொடுத்தார். அது இப்போதும் மடப்பள்ளியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருக்கிறது. மோட்டார் சைக்கிள் வந்தது கர்க்கடகம் என்று அங்கே சொல்லும் ஆடி மாதத்து மழையில், ஒரு காலை வேளையில், படுத்தபடியே சறுக்கிக்கொண்டு.

ஓட்டி வந்தவர் சுவாமிதாஸ். நேமத்துக்காரர். வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலையை கான்ட்ராக்ட் எடுத்துச் செய்பவர். ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறவர், பாட்டுக்குழுவில் முன்வரிசையில் நிற்பவர். அன்று வேலைக்குப் போகும் அவசரத்தில் கோவில் தெருவுக்குள் குறுக்கு வழியாக நுழைந்திருக்கிறார். ஒரு நாய் குறுக்கே வந்தது. பிரேக் பிடித்தார். நனைந்த ரோட்டில் வண்டி ஒரு பக்கம் போக, அவர் ஹேண்டிலுக்கு மேலாகக் கிளம்பி இன்னொரு பக்கம் போனார். தோவாளையிலிருந்து வந்து அப்போதுதான் இறக்கி வைத்திருந்த பூ மூட்டைகளின் மேல் போய் விழுந்தார்.

காற்றில் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர் கண்ணில் பட்டது கோவில் வளைவின் உச்சியில் உட்கார்ந்திருந்த அம்மன் மட்டும்தான். "அம்மா, என்னைக் காப்பாத்து, இந்தச் சவத்து வண்டியை நீயே எடுத்துக்கோ" என்று கத்திக்கொண்டே வந்து விழுந்ததாகப் பூக்காரி சுஜா எல்லோரிடமும் சொன்னாள். "இயேசுவே" என்றது தரைக்கு வந்த பிறகுதானாம். முழங்கையில் ஒரு சிராய்ப்பு, சட்டையெல்லாம் செவ்வந்தி இதழ். வேறொன்றும் ஆகவில்லை. அவர் எழுந்தார், கால்கள் தன்னுடையவைதானா என்று பார்த்துக்கொண்டார், வண்டிச் சாவியைக் கொண்டுபோய் பூசை செய்யும் போற்றியின் கையில் கொடுத்தார். சொன்ன சொல்லை மாற்றமாட்டேன் என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்.

வண்டியின் ஹேண்டில் கொஞ்சம் கோணியிருந்தது. முன்விளக்கில் கீறல், ஒரு பக்கக் கண்ணாடி இல்லை. மற்றபடி ஒரே உதையில் ஸ்டார்ட் ஆயிற்று. நூறு சிசி, ஒன்பது வயது, கறுப்பு நிறம். போற்றி கீறல் விழுந்த விளக்குக்குக் குங்குமம் வைத்து, ஒரு மாலையும் போட்டு, வாகனப்புரையில் மரச் சிங்கத்துக்கும் கால் உடைந்த மரக் குதிரைக்கும் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார்.

அம்மன் வண்டி ஓட்டுவதில்லை என்பதால் அதை ஏலம் விடுவது என்று கமிட்டி முடிவு செய்தது. நேர்ச்சைப் பொருள்களுக்கு அந்தக் கோவிலில் ஒரு வழக்கம் உண்டு. கமிட்டி முதலில் ஒரு குறைந்தபட்ச விலை வைக்கும். நேர்ந்தவரே அந்த விலையைக் கட்டிப் பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அவர் வேண்டாம் என்றால்தான் ஏலம். பசுவுக்கும் சேவலுக்கும் இத்தனை காலம் இப்படித்தான் நடந்தது. இனி வண்டிக்கும் விலை வைக்க வேண்டும்.

கமிட்டியில் மூன்று பேர். தலைவர் திரவியம், சாலைக் கடைத்தெருவில் பெயிண்ட், பைப் வியாபாரம். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். செயலாளர் அனந்தபத்மநாபன், தணிக்கை அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். சுண்டல் வாங்கினால்கூடப் பொட்டலத்தைப் பிரித்து எடை சரியா என்று பார்ப்பவர். துணைச் செயலாளர் ஸ்ரீப்ரியா. பட்டம் என்ற இடத்தில் ஒரு நகைக்கடன் கம்பெனியில் மதிப்பீட்டாளர். ஒரு பெண்ணாவது கமிட்டியில் இருக்க வேண்டும் என்று விதியைத் திருத்தியபோது, தெருவில் ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு எந்தப் பெண்ணுக்கும் நேரமில்லாததால் அவளைப் பிடித்துப் போட்டார்கள். அன்றிலிருந்து அவளிடம் கருத்துக் கேட்டது இரண்டு விஷயங்களில்தான்: சேலையின் நிறம், பாயசத்தின் இனிப்பு. இப்போது முதல்முறையாக, மதிப்புப் போடத் தெரிந்தவள் என்ற மரியாதையோடு வாகனப்புரைக்கு அழைத்தார்கள்.

அவளுக்கு அந்த வண்டி வேண்டும்.

பார்த்த அன்றே வேண்டும் என்று தோன்றிவிட்டது. நாகர்கோவிலில் கல்லூரி படிக்கும்போது சித்தப்பா மகனின் வண்டியில் ஓட்டப் பழகியவள். முட்டத்தறை மைதானத்தில் ஆண்கள் வரிசையில் நின்று கியர் வண்டியில் எட்டு போட்டு லைசென்ஸும் எடுத்திருந்தாள். அந்த லைசென்ஸ் இத்தனை வருடமாக அடையாள அட்டையாக மட்டுமே பயன்பட்டது. முப்பத்துநான்கு வயதில் தினமும் பட்டத்துக்கும் கரமனைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே போய்வந்தாள். வண்டி என்று பேச்செடுத்தால், வாங்குவதென்றால் ஸ்கூட்டர் வாங்கு, அதுவும் கல்யாணம் முடிந்து வாங்கு என்பாள் அம்மா கோமதியம்மாள். கல்யாணமும் வரவில்லை, ஸ்கூட்டரும் வரவில்லை.

அவளுக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. மற்ற இருவருக்கும் அந்த வண்டி வேண்டும்.

திரவியத்துக்குக் கடையிலிருந்து பெயிண்ட் டின்களை வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க ஆட்டோவுக்குக் கொடுக்கும் காசு உறுத்திக்கொண்டிருந்தது. அனந்தபத்மநாபனின் கஷ்டம் வேறு. மருமகன் சுஜித் அவருடைய ஸ்கூட்டரை வாராவாரம் வாங்கிப் போய்ப் பெட்ரோல் இல்லாமல் திருப்பித் தருகிறான். அவனுக்கென்று மலிவாக ஒரு வண்டியைத் தள்ளிவிட்டால் ஸ்கூட்டர் பிழைக்கும். ஆக, அம்மன் பக்கம் நின்று பேச அந்தக் கொட்டகையில் ஒருவர்கூட இல்லை. அம்மனும் அந்த நேரம் திரைக்குப் பின்னால் நைவேத்தியத்தில் இருந்தாள்.

மதிப்பீடு வெகு உற்சாகமாகத் தொடங்கியது. திரவியம் குனிய முடியாததால் நின்ற இடத்திலிருந்தே சைலன்சர் துருப்பிடித்திருப்பதைக் கண்டார். அனந்தபத்மநாபன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வண்டியைச் சுற்றி இரண்டு முறை வந்தார். பின்டயர் மொட்டை என்றார். அது மொட்டையில்லை, பட்டன் பட்டனாகப் புதிதாகவே இருந்தது. ஸ்ரீப்ரியா அதைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. சீட் கிழிசல் என்றார் திரவியம். கிழிசல் ஒரு விரல் நீளம். எஞ்சினில் எண்ணெய் கசிகிறது என்றார் அனந்தபத்மநாபன். கசிந்திருந்தது முந்தைய நாள் போற்றி ஏற்றி வைத்த விளக்கின் எண்ணெய். ஒருவர் ஒரு குறை சொன்னால் அடுத்தவர் அதைவிடப் பெரிதாக ஒன்று கண்டுபிடித்தார். ஒருவர் நேர்மையை இன்னொருவர் மெச்சிக்கொண்டார். இருபதில் ஆரம்பித்த விலை கால்மணி நேரத்தில் பதினைந்தாயிரத்துக்கு இறங்கியிருந்தது.

ஓட்டிப் பார்க்காமல் விலை சொல்வது சரியில்லை என்று ஸ்ரீப்ரியா சொன்னாள். திரவியம் வண்டியையும் தன் வயிற்றையும் பார்த்தார். அனந்தபத்மநாபனுக்குக் கியர் வண்டி தெரியாது. அவள் சாவியை வாங்கி, சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, மாலையைக் கழற்றிச் சிங்கத்தின் கழுத்தில் போட்டுவிட்டு வண்டியை வெளியே தள்ளினாள்.

தெருமுனை வரைக்கும் என்றுதான் கிளம்பினாள். கரமனைப் பாலம் வந்தது. பாலம் தாண்டிக் கைமனம் வந்தது. மழை விட்டிருந்த ரோட்டில் வண்டி லேசாக இடதுபக்கம் இழுத்தது, ஆனால் எஞ்சின் முனகவில்லை. கியர் சத்தமில்லாமல் விழுந்தது. ஒரு மேட்டில் மூன்றாவது கியரிலேயே ஏறிற்று. பாப்பனங்கோடு வரை போய்த் திரும்பினாள். வழியில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து அவளுக்குக் கொஞ்சம் அநியாயமான சந்தோஷம் வந்தது. மனதுக்குள் விலை தானாகவே விழுந்தது: இருபத்தெட்டாயிரம். குறைத்துச் சொன்னால் அது திருட்டு.

திரும்பி வந்தபோது இருவரும் வாசலில் நின்றிருந்தார்கள். எப்படி என்று கேட்டார்கள்.

"சுமாராக்கும் சார்" என்றாள் ஸ்ரீப்ரியா. "கிளட்ச் பிடிச்சுப் பிடிச்சு விடுது. ரெண்டாவது கியர்ல ஒரு சத்தம் கேக்கு."

சொல்லி முடித்ததும் காது சூடாயிற்று. கம்பெனியில் அவள் உரைகல்லில் ஒரு சங்கிலியைத் தேய்த்தால், ஏழைக்கிழவி கொண்டுவந்தாலும் எம்.எல்.ஏ. வீட்டிலிருந்து வந்தாலும் ஒரு அரை கேரட் கூடவோ குறையவோ சொன்னதில்லை. மேனேஜர் கண்ணைக் காட்டினாலும் சொன்னதில்லை. அந்தப் பெயரை இப்போது ஒரு பழைய வண்டிக்காக, அதுவும் கோவிலுக்குள் வைத்து, விற்றாகிவிட்டது. ஆனால் அந்த வார்த்தையைத் திரும்ப விழுங்கவும் அவளுக்கு மனம் வரவில்லை.

மதிப்பீட்டாளரே சொல்லிவிட்ட பிறகு மற்ற இருவருக்கும் கை கட்டவிழ்ந்த மாதிரி ஆயிற்று. விலை பதினோராயிரத்தில் வந்து நின்றது. அனந்தபத்மநாபன் தன் அழகான கையெழுத்தில் சாக்பீஸால் கோவில் போர்டில் எழுதினார்: நேர்ச்சை வண்டி, குறைந்தபட்ச விலை ரூ. 11,000, நேர்ந்தவருக்கு முன்னுரிமை, ஏலம் வெள்ளிக்கிழமை காலை. போர்டை ஒரு தூணுக்குப் பின்னால், செருப்பு விடும் இடத்துக்கு மேலே மாட்டியது திரவியம். அங்கே யாரும் தலை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

வெள்ளிக்கிழமை ஸ்ரீப்ரியா அரைநாள் லீவு போட்டுவிட்டு முப்பதாயிரம் ரூபாயோடு வந்தாள். யாராவது ஏற்றிக் கேட்டால் என்ன செய்வது என்ற பயம். வாகனப்புரை வாசலில் திரவியத்தின் கடைப் பையன் புதுச்சட்டையில் நிற்பதையும், அனந்தபத்மநாபனின் மருமகன் சுஜித் போனைப் பார்த்தபடி தூணில் சாய்ந்திருப்பதையும் கண்டாள். அவர்கள் எதற்கு வந்திருக்கிறார்கள் என்று யோசிக்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. திரவியம் அவளுடைய கைப்பையைப் பார்த்தார். அனந்தபத்மநாபன் திரவியத்தின் கடைப் பையனைப் பார்த்தார். மூவருக்கும் எல்லாம் புரிந்தது. மூவருமே மழையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

அப்போதுதான் ஆட்டோவில் ஷிஜா வந்து இறங்கினாள். சுவாமிதாஸின் மனைவி. நேமத்தில் தையல் கடை வைத்திருப்பவள், நாற்பதைத் தாண்டியவள், கழுத்தில் தையல் டேப் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. பின்னாலேயே சுவாமிதாஸும் இறங்கினார், ஆனால் உள்ளே வரவில்லை. வளைவுக்கு வெளியே செருப்போடு நின்றுவிட்டார். வண்டி ஒர்க்‌ஷாப்பில் கிடக்கிறது என்று அவர் வீட்டில் சொல்லி வைத்திருந்த பொய், எந்த ஒர்க்‌ஷாப் என்று ஷிஜா கேட்ட அன்றே உடைந்துபோயிருந்தது.

"எனக்க வண்டி எங்க?" என்றாள் ஷிஜா.

திரவியம் அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. நேர்ந்த பொருள் அம்மனுக்குப் போய்விட்டால் சும்மா திருப்பித் தரும் வழக்கமில்லை என்று அவர் ஆரம்பித்தார்.

"நேர்ந்தாருன்னா அவருக்க சாமானை நேரணும். ஆர்.சி. எனக்க பேர்ல. நான் சீட்டுப் பிடிச்சு வாங்கினது. அவரு ஞாயிற்றுக்கிழமை சபையில எழும்பி நின்னு இயேசு காப்பாத்தினாருன்னு சாட்சி சொன்னாரு. இங்க வந்து பாத்தா வண்டிக்குக் குங்குமம். ரெண்டு பக்கமும் நல்லா இருக்கட்டுன்னு நெனச்சாரு போல."

பையிலிருந்து ஆர்.சி.யை எடுத்து நீட்டினாள். அனந்தபத்மநாபன் அதை வாங்கி இரண்டு பக்கமும் புரட்டினார். இவள் கையெழுத்துப் போடாமல் வண்டியை யார் பெயருக்கும் மாற்ற முடியாது. ஏலம் எடுத்தாலும் வெறும் இரும்புதான். இத்தனை வருட தணிக்கை அனுபவத்தில் அவர் முதலில் பார்த்திருக்க வேண்டியது அது. டயரைப் பார்த்த அவசரத்தில் விட்டுவிட்டார்.

ஆனாலும் விடாமல், குரலைத் தேனாக்கிக்கொண்டு, அம்மனுக்காக ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடும்படி கேட்டார். பெரிய நஷ்டமொன்றும் இல்லை என்றார், வண்டி அவ்வளவுதான் போகும் என்றார். தூணுக்குப் பின்னால் மாட்டியிருந்த போர்டை அவரே கைகாட்டினார்.

ஷிஜா போய் அதைப் படித்தாள். திரும்பி வந்தாள்.

"பதினொண்ணா?"

"சத்தியமாச் சொல்லுதேன், பதினொண்ணே கூடுதலாக்கும்" என்றார் அனந்தபத்மநாபன். அவருக்கு இப்போது வேகம் பிடித்துவிட்டது. எஞ்சினில் கசிவு, சைலன்சர் ஓட்டை, பின்டயர் மொட்டை என்று ஒன்று விடாமல் சொன்னார். திரவியம் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் ஸ்ரீப்ரியாவைக் காட்டி, இந்தப் பெண் மதிப்புப் போடுவதையே தொழிலாகச் செய்கிறவள், இவளே ஓட்டிப் பார்த்துச் சொன்னது என்றார்.

ஷிஜா ஸ்ரீப்ரியாவைப் பார்த்தாள். ஸ்ரீப்ரியா தரையைப் பார்த்தாள். தரையில் ஒரு செவ்வந்தி இதழ் ஒட்டிக்கிடந்தது. தலை ஆடிற்று, ஆமாம் என்பதுபோல.

"சரி" என்றாள் ஷிஜா. பையைத் திறந்து, ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டை எடுத்து, பதினோராயிரத்தை எண்ணித் திரவியத்தின் முன்னால் மேஜையில் வைத்தாள். "நேர்ந்தவருக்கு முன்னுரிமைன்னு நீங்கதான எழுதியிருக்கீங்க. ரசீது போடுங்க. வண்டியை நான் கொண்டு போறேன்."

திரவியத்தின் பெரிய குரல் எங்கேயோ போய்விட்டது. ஏலத்தில் ஒருவேளை கூடுதலாகப் போகலாமே, அம்மனுக்கு நஷ்டமாகிவிடக் கூடாதே என்று முனகினார். இந்த ஓட்டை வண்டிக்குக் கூடுதல் கொடுக்க எந்தப் பைத்தியக்காரன் வருவான் என்று ஷிஜா கேட்டாள். அதற்குப் பதில் தெரிந்த மூன்று பேரும் அங்கேயே இருந்தார்கள். வாசலில் புதுச்சட்டை போட்ட பையன் மெதுவாக நழுவினான். அனந்தபத்மநாபன் ரசீது எழுதினார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் கையெழுத்துக் கோணலாக விழுந்தது.

ஷிஜா வண்டியைத் தள்ளிக்கொண்டு வளைவைத் தாண்டும்போது ஸ்ரீப்ரியா பின்னாலேயே போனாள். ஏன் போகிறோம் என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. கூப்பிட்டு நிறுத்தின பிறகுதான் தெரிந்தது.

"அக்கா, இந்த வண்டிக்கு விலை பதினொண்ணு இல்ல. இருபத்தெட்டு."

ஷிஜா ஸ்டாண்டைப் போட்டு வண்டியை நிறுத்தினாள். "உள்ள வச்சுத் தலையாட்டினே?"

"உள்ள வச்சு ஆட்டினது பொய். கிளட்ச்ல ஒண்ணும் இல்ல. கியர்ல சத்தமும் இல்ல."

"பின்ன எதுக்கு அப்படிச் சொன்னே?"

"எனக்கு வேணும். அதான்."

ஷிஜா டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டே சிரித்தாள். கல்லுக்குள்ளிருந்து வருவது போன்ற சிரிப்பு. அந்த இரண்டு கிழவனும் வேணும் என்றுதானே அப்படிச் சொன்னார்கள் என்று கேட்டாள். ஸ்ரீப்ரியா ஆமாம் என்றாள்.

பக்கத்தில் நின்ற சுவாமிதாஸின் முகம் வெளுத்திருந்தது. தான் நேர்ந்தது வண்டியை, பதினோராயிரத்தை அல்ல என்று அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். வண்டி இருபத்தெட்டு போகும் என்றால் அம்மனுக்குக் குறைவாகத்தானே போயிருக்கிறது? மூட்டை இல்லாத பக்கமாக அன்றைக்கு விழுந்திருந்தால்? அந்தத் தெருவிலேயே அவர் கண் கலங்கிவிடும்போல் இருந்தது. பாட்டுக்குழுவில் முன்வரிசையில் நிற்பவர் ஒரு அம்மன் கோவில் வாசலில் நின்று இப்படிப் பயப்படுவதை ஸ்ரீப்ரியா பார்த்தாள். அவருக்குத்தான் அந்த வண்டியின் மதிப்பு சரியாகத் தெரிந்திருக்கிறது என்று தோன்றிற்று.

"அழாதியும்" என்றாள் ஷிஜா புருஷனிடம். "உயிரோட வந்தீரு. அதுக்கு வண்டியைக் குடுக்க மாட்டேன்னு நான் சொல்லுவேனா? எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும். அவ்வளவுதான் எனக்கு."

பிறகு ஸ்ரீப்ரியாவிடம் திரும்பினாள். ஷிஜா போட்ட கணக்கு எளிமையாக இருந்தது. அவள் கட்டின பதினொன்று அம்மனிடம் இருக்கிறது. அதை ஸ்ரீப்ரியா அவளுக்குக் கொடுத்துவிட வேண்டும். மிச்சம் பதினேழை உண்டியலில் போட்டுவிட வேண்டும், இவர் கண் முன்னால். அப்போது அம்மனுக்கு முழு விலை போய்ச் சேரும், இவருக்கும் தூக்கம் வரும். ஆர்.சி.யில் கையெழுத்தை இப்போதே போட்டுத் தருகிறேன் என்றாள்.

ஸ்ரீப்ரியா கைப்பையைத் திறந்தாள்.

"நில்லு. இன்னும் ஒரு ரெண்டு வேணும்."

"எதுக்கு அக்கா?"

"போன மாசம்தான் பின்டயர் மாத்தினேன். அது நான் தனியா வாங்கிப் போட்டது. டயரை அவரு நேரல்லை. அது எனக்க."

ஸ்ரீப்ரியா சிரித்துவிட்டாள். கொண்டுவந்த முப்பதும் தீர்ந்தது.

அவள் மறுபடி உள்ளே போனபோது திரவியமும் அனந்தபத்மநாபனும் இன்னும் மேஜையடியிலேயே உட்கார்ந்திருந்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல். அவள் நேராக உண்டியலுக்குப் போய் நோட்டுகளை மடித்து மடித்து உள்ளே தள்ளினாள். அந்த வாய் சில்லறைக்காக வெட்டினது. நோட்டுகள் லேசில் இறங்கவில்லை. வளைவுக்கு வெளியிலிருந்து சுவாமிதாஸ் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று என்ன இவ்வளவு பக்தி என்று அனந்தபத்மநாபன் கேட்டார். தன்னுடைய பங்கு என்று மட்டும் அவள் சொன்னாள். அந்தப் பதிலை அவர் வீட்டுக்குப் போகும்வரை மென்றுகொண்டிருக்க வேண்டும். வெளியே வண்டி ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டபோது முதலில் எழுந்தது திரவியம்தான், ஆனால் அவர் வாசலுக்கு வருவதற்குள் அவள் தெருமுனையைத் தாண்டியிருந்தாள்.

வீட்டில் கோமதியம்மாள் வண்டியைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தாள். ஆம்பிளை வண்டி என்றாள். கோவில் சொத்து என்றாள். தெருவில் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்றாள். எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு, உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பியதைக் கேட்டாள்: எவ்வளவு? முப்பது என்று கேட்டதும் பழைய கவலையெல்லாம் மறந்து, நன்றாக ஏமாந்துவிட்டாய் என்று அதையே இரண்டு நாள் பேசினாள்.

விலை விஷயத்தில் யாரும் யாரோடும் ஒத்துப்போகவில்லை. ஆபீசில் கூட வேலை பார்க்கும் லிபி, இது சும்மா கிடைத்த மாதிரி என்றாள். ஹேண்டிலை நேராக்கிக் கொடுத்த மெக்கானிக் லிங்கம் இருபத்திரண்டுக்கு மேல் தாங்காது என்று சொல்லிவிட்டு, தன்னிடம் அதைவிட நல்லதாக ஒன்று இருபத்தாறுக்கு இருக்கிறது என்றும் சொன்னார். ஒரு வாரம் பேசாமல் இருந்த திரவியம் ஒருநாள் சாலையில் அவள் வண்டியை நிறுத்தி, ஆட்டோ கூலியெல்லாம் பார்த்தாயா என்று சுற்றி வளைத்து, இருபத்தைந்துக்குக் கொடுப்பாயா என்று கேட்டார். பதினொன்றுக்கே கூடுதல் என்று தலையாட்டினவர் என்பதை அவள் நினைவூட்டவில்லை. இல்லை அண்ணாச்சி என்று மட்டும் சொன்னாள். அனந்தபத்மநாபன் ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் அடுத்த கூட்டத்தில், நேர்ச்சைப் பொருள்களுக்கு விலை வைப்பவர்கள் அதை வாங்கக் கூடாது என்று ஒரு விதி கொண்டுவந்தார். மூவரும் ஒருமனதாகக் கை தூக்கினார்கள். கூட்டம் முடிந்து போகும்போது மூவருமே கொஞ்சம் லேசாக உணர்ந்தார்கள் என்று சொன்னால் தப்பில்லை.

ஸ்ரீப்ரியாவுக்கு அந்த வண்டி முப்பதுக்குத் தகுமா என்று பல நாள் யோசனை வந்தது. வேண்டும் என்று நினைத்தபோதே கண் கொஞ்சம் மங்கியிருக்கும். இருபத்தெட்டு என்று நேர்மையாகச் சொன்னதாக நினைத்த விலையிலும் ஆசை கலந்திருக்கலாம். கம்பெனியில் உரைகல்லை எடுக்கும்போதெல்லாம் இப்போது ஒரு நொடி கூடுதலாகத் தயங்கினாள். கிழவிகள் தங்கள் சங்கிலிக்கு மதிப்பைக் கூட்டிச் சொல்லும்போது முன்போல் எரிச்சல் வரவில்லை.

ஆவணி பிறந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சங்குமுகம் கடற்கரைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, ஈஞ்சக்கல் பக்கத்தில் வண்டி இரண்டு தரம் விக்கிவிட்டு நின்றது. உதைத்தாள், கிளம்பி மறுபடி நின்றது. இன்னொரு தரம் உதைத்தாள். பெட்ரோல் அளவு காட்டும் முள் நடுவில் நின்றுகொண்டிருந்தது. டேங்கைத் திறந்து ஆட்டிப் பார்த்தாள். உள்ளே காற்றுதான் ஆடிற்று. அந்த முள் எப்போதும் நடுவில்தான் நிற்கும் என்பது அப்போது தெரிந்தது. மூன்று பேர் சேர்ந்து இல்லாத குறையெல்லாம் கண்டுபிடித்தபோது, இருந்த ஒன்றை ஒருவரும் பார்க்கவில்லை.

வெயில் நன்றாக அடித்தது. பம்ப் எங்கே என்று கேட்டாள், கொஞ்ச தூரம்தான் என்றார் பழக்கடைக்காரர், தள்ளித் தரட்டுமா என்றும் கேட்டார். வேண்டாம் என்றாள். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கியரை நியூட்ரலில் போட்டு, தன்னுடைய வண்டியைத் தானே தள்ளிக்கொண்டு நடந்தாள்.